சாந்தாமணியின் வலது தோள்

கருமத்தம்பட்டியில், தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டின் குளியலறையில், சாந்தாமணி தன் மகளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று ஏழாம் வருஷம் அது. மகள் லோகப்பிரியாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டதென்று பிள்ளை சிணுங்கிற்று. "முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பாதி தூக்கும்போதே வலது தோள் கழன்றுவிட்டது.

எண்ணெய் வழுக்கும் உடம்போடு பிள்ளை தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் முகவாய் இடிபட விழுந்தது. சாந்தாமணியால் குனிந்து எடுக்க முடியவில்லை. வலது கை யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டதைப் போலத் தொங்கியது. சிறிது அசைந்தாலும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரில் ரத்தம் கலந்து ஓடுவதைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே கத்தினாள். தறிகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் வந்த மாமியார் ராசாத்தாள்தான் முதலில் கேட்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் குழந்தைவேலு வந்தான்.

குழந்தைவேலு பிள்ளையை வாரி எடுத்துத் தன் தாயின் கையில் கொடுத்துவிட்டு மனைவியிடம் வந்தான். இது அவனுக்குப் பழக்கமான வேலை. கல்யாணமான இந்த ஐந்தாறு வருஷத்தில் அவள் தோள் எத்தனை தடவை இறங்கியது என்று கணக்கு வைப்பதை இருவருமே விட்டிருந்தார்கள். கொடியில் துணி போடும்போது இறங்கும். தலை சீவும்போது இறங்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது ஒருமுறை இறங்கி, அவிநாசி ரோட்டில் பஸ்ஸையே நிறுத்த வேண்டியதாயிற்று. முதலில் ஒவ்வொரு தடவையும் கட்டுப்போடுகிறவரைத் தேடி ஓடியவன், பிறகு அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டான். அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினான்.

"மூச்ச உடு அம்மணி. இறுக்காத. இன்னுங் கொஞ்சம்."

உள்ளே ஏதோ தடுக்கி விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. எலும்பு தன் இடத்துக்குப் போயிற்று. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வலி விட்டதும் அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"பாப்பாளுக்கு எங்கீங்க அடி?"

முகவாயில் தையல் போடவேண்டி வந்தது. அன்று மாலை குழந்தைவேலு தாயிடம் சொன்னான். "இனி இப்படியே உட்டா ஆகாதுங்கம்மா. கோயமுத்தூர்ல ஒரு டாக்டரு பெருசாக் கிழிக்காம, சின்னச் சின்ன ஓட்டை போட்டு, உள்ளுக்குள்ள கேமராவ உட்டுப் பாத்துத் தெச்சுடறாராம். மில்லு வாலிபால் டீம்ல ஆடற பையனுக்கு அவருதான் பண்ணுனாரு. இப்ப அவன் மறுபடி பந்தடிக்கிறான்."

சாந்தாமணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படவேண்டிய சேதிதான். ஆனால் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பயம்.

காரணம் அன்னூரில் இருந்தது. அன்னூருக்கு வடக்கே தோட்டத்துச் சாளை வீட்டில் அவளை ஒற்றை ஆளாக வளர்த்தவள் அவளுடைய தாய் பழனியாத்தாள். புருஷன் செத்தபிறகு பருத்தியும் வாழையும் போட்டு, ஆள் வைத்து வேலை வாங்கி, யாரிடமும் தலைகுனியாமல் பண்ணையம் பார்த்தவள். அவள் சொன்ன சொல் மாறாது என்று சந்தையில் வியாபாரிகளே சொல்வார்கள். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்யைச் சொன்னாள். சொன்னதை விடாமல் காத்தாள்.

சாந்தாமணிக்குப் பதினாலு வயதில், ஒரு விடிகாலை, எழுந்து உட்காரும்போது முதல்முறை வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, வாயில் நுரை தள்ளியது. பழனியாத்தாள் முதலில் செய்தது கதவைச் சாத்தியதுதான். பிறகுதான் மகளிடம் ஓடினாள். எல்லாம் அடங்கியபின் அவளே தரையைத் துடைத்தாள், அவளே பாவாடையை அலசிப்போட்டாள். தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களிடம் புள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். தெரிந்தவர் யாரும் போகாத ஒரு டாக்டரைக் கோயமுத்தூரில் தேடிப்பிடித்தாள். அந்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். இது மறைக்க வேண்டிய நோயும் இல்லை என்றார். பழனியாத்தாள் அவர் முதலில் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மாத்திரையால் வலிப்பு குறைந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, சில வருஷம் இருமுறை. அப்படி ஒருமுறை வந்தபோதுதான் வலது தோள் முதல்தடவையாக இறங்கியது. அன்னூரில் எலும்பு ஒட்டுகிற ராமுலுவிடம் கூட்டிப்போய், "கட்டல்ல இருந்து உழுந்துபோட்டாளுங்க" என்றாள் பழனியாத்தாள். ராமுலு கட்டிலின் உயரத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தோளை ஏற்றிக் கட்டுப்போட்டு அனுப்பினார்.

கல்யாணம் நிச்சயமானபோது தாய் மகளைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இது உன்ற நாக்குலயும் என்ற நாக்குலயும் செத்துப் போகோணும் கண்ணு. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. மாத்தரைய நானு மாசமானாக் கொண்டாந்து தாரேன். நீ முழுங்கறத யாரும் பாக்கப்படாது."

சாந்தாமணி தலையாட்டினாள். அப்போது அவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஒரு மாத்திரைதானே.

ஆனால் குழந்தைவேலு நல்லவனாக வாய்த்ததுதான் அவளுக்குச் சங்கடமாகிப் போனது. முரடனிடம் மறைப்பது சுலபம். இவனோ தறியில் நூல் அறுந்தால்கூட ஆளைத் திட்டாமல் தானே முடிச்சுப் போடுகிறவன். அவளுக்கு நெஞ்சில் பாரமாகவே இருந்தது. மாத்திரைகளைத் தீட்டுத்துணி வைக்கும் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடமாட்டார்கள். அவளுக்கு வலிப்பு வருவது தூங்கி எழும் நேரத்தில்தான். அவன் அதற்கு முன்பே எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விடுவான். ஆகவே ஒன்றும் வெளியே வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்களில் முறுக்குக் கடித்ததாகச் சொன்னாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டில் இருந்தாள். தோள் ஒன்றுதான் அடிக்கடி காட்டிக்கொடுக்கப் பார்த்தது. அதற்கும் கட்டில் கதை இருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான்கு பேரும் போனார்கள். சாந்தாமணி, குழந்தைவேலு, ராசாத்தாள், சேதி கேட்டு அன்னூரிலிருந்து வந்திருந்த பழனியாத்தாள். டாக்டர் வெங்கடபதிக்கு நாற்பது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேசாதவர். சாந்தாமணியின் கையை மெல்லத் தூக்கிப் பின்பக்கமாகத் திருப்பப் போனார். அவள் பதறி இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, திருப்ப மாட்டேன். இந்தப் பயமே போதும், என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று கையைக் கீழே விட்டார். எக்ஸ்ரேக்களை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். திரும்பிக் கேட்டார்.

"முதல் முதல்ல எப்படி எறங்குச்சு?"

"கட்டல்ல இருந்து உழுந்துட்டாளுங்க" என்றாள் பழனியாத்தாள்.

"தூக்கத்துலயா?"

"ஆமாங்க."

டாக்டர் மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார். "கட்டில்ல இருந்து விழுந்து தோள் எறங்கறது கொஞ்சம் அபூர்வம். வலிப்பு, கைகால் இழுத்துக்கறது, அந்த மாதிரி ஏதாவது உண்டுங்களா? சின்ன வயசுல வந்திருந்தாலும் சொல்லணும். எதுக்குக் கேக்கறேன்னா, அது இருந்தா நாங்க வேற மாதிரி யோசிக்கணும்."

சாந்தாமணி தாயைப் பார்க்கவில்லை. தாய் தன்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. இந்தப் பக்கம் மாமியார். அந்தப் பக்கம், நாற்காலி நுனியில், அவளுக்காகக் கவலைப்பட்டு உட்கார்ந்திருக்கும் புருஷன். அவள் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் எங்க வம்சத்துலயே இல்லீங்க" என்றாள் பழனியாத்தாள்.

டாக்டர் சாந்தாமணியைப் பார்த்தார். "ஏம்மா?"

"இல்லீங்க" என்றாள் அவளும்.

அவர் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆன நாளிலிருந்து குழந்தைவேலு அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. தறிகளை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தான். அவளுக்குச் சோறு ஊட்டினான். பாத்ரூம் வாசல்வரை கூட வந்து நின்றான். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பாள். சாந்தாமணி ரவிக்கைக்குள் முடிந்து வைத்திருந்த மாத்திரைப் பொட்டலத்தை ஆபரேஷனுக்கு உடை மாற்றும் முன் தாயிடம் கொடுத்திருந்தாள். அதைத் திரும்ப வாங்க நேரமே கிடைக்கவில்லை. பழனியாத்தாள் முந்தானைக்குள் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். மருமகன் ஒரு டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. டாக்டர் வெங்கடபதி குழந்தைவேலுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினார். டிவியில், கிணற்றுக்குள் டார்ச் அடித்ததுபோல ஒரு வெள்ளை உருண்டை தெரிந்தது. அதன் பக்கத்தில் ஆழமில்லாத ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்க வேண்டிய சதை, முன்பக்கம் முழுக்கப் பிரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"கரை பிரிஞ்ச துணியாட்ட இருக்குதுங்க" என்றான் குழந்தைவேலு.

"அதேதான். அந்தக் கரைதான் உருண்டைய வெளிய போகாமப் பிடிச்சு வெக்கறது. இப்பப் பாருங்க" என்றார் டாக்டர். திரையில் மெல்லிய கம்பி ஒன்று வந்தது. எலும்பில் துளை போட்டது. துளைக்குள் ஒரு குட்டி ஆணி இறங்கியது. ஆணியோடு வந்த நூல் சதையைக் கோத்து இழுத்து எலும்போடு சேர்த்தது. நூல் வேலையிலேயே பிறந்து வளர்ந்தவன் அந்த முடிச்சு விழுவதை மூச்சுவிடாமல் பார்த்தான்.

"இது எலும்போட ஒட்டிப் பிடிக்கறவரைக்கும் கை உடம்போட கட்டியேதான் இருக்கணும். வெடுக்குனு இழுத்தாக்கூடப் பிரிஞ்சுபோகும்."

"பூ மாதிரி பாத்துக்கறனுங்க" என்றான் குழந்தைவேலு.

சொன்னபடியே பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தபிறகு அவளை ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. வலது கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் சேலை கட்டிவிடுவதும் தலை வாரிவிடுவதும் ராசாத்தாள்தான். அவள் பக்கத்தைவிட்டு நகர்வதே அபூர்வம். ஒற்றைக் கையால் தீட்டுத்துணிப் பெட்டியைத் திறந்து, அடியில் துழாவி, மாத்திரையை எடுத்து, யாரும் பார்க்காமல் விழுங்குவது சில நாள் முடிந்தது. பல நாள் முடியவில்லை. விட்ட நாட்களில் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்டு சாந்தாமணிக்கு ஒரு நப்பாசை வந்தது. பிள்ளை பெற்றபிறகு இந்த நோய் தானாகவே போய்விட்டதோ என்னவோ. தோளும் சரியாகிவிட்டால் மறைக்க ஒன்றுமே இருக்காது.

கட்டுப் பிரிக்க இன்னும் சில வாரம் இருந்தது. ஒரு காலை, பொழுது நன்றாக ஏறியபின், மகளை அணைத்தபடி மறுபடி அசந்தவள் கண்விழித்தாள். ராசாத்தாள் காப்பி டம்ளரோடு எதிரே நின்றாள்.

"எந்திரி கண்ணு, காப்பி ஆறுது."

அதுவரைதான் சாந்தாமணிக்கு நினைவு.

நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது இடது கையில் ஏதோ குத்துவது. பார்த்தாள். பீரோ சாவிக்கொத்து. இரும்பு கொடுத்தால் அடங்கும் என்று மாமியார் திணித்திருக்கிறாள். சேலை நனைந்திருந்தது. தலை குழந்தைவேலுவின் மடியில் இருந்தது. கதவோரம் லோகப்பிரியா சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு நின்றாள். தரையில் காப்பி கொட்டிக் கிடந்தது. அப்புறம்தான் வலி தெரிந்தது. கட்டுக்குள், தோளின் முன்பக்கம், கைமுட்டி அளவுக்கு ஏதோ புடைத்து நின்றது.

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் உடனே முழங்கையைப் பிடிப்பவன் இப்போது தொடவில்லை. தைத்த தோளைத் தொடக்கூடாது என்பதாலா, வேறு எதனாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இது தோள் நோவு இல்ல சாமி" என்றாள் ராசாத்தாள் மகனிடம். கத்தவில்லை. அடிக்குரலில் சொன்னாள். "என்ற சித்தப்பன் மகனுக்கு இப்படித்தான் வரும். எனக்குத் தெரியாதா?"

காரில் கோயமுத்தூர் போனார்கள். டாக்டர் வெங்கடபதி புது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன நடந்துச்சு?"

குழந்தைவேலு பார்த்ததைச் சொன்னான். டாக்டர் சாந்தாமணியின் பக்கம் திரும்பினார். இந்த முறை பழனியாத்தாள் கூட இல்லை. பேசுவதற்கு வேறு நாக்கு இல்லை.

"பதினாலு வயசிலிருந்து வருதுங்க" என்றாள். "மாத்தரை சாப்டுட்டுத்தான் இருந்தேனுங்க. இங்க வந்ததிலிருந்து ஒழுங்கா முழுங்க முடியலீங்க. இவிய... பக்கத்துலயே இருந்தாங்க."

குழந்தைவேலு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வலிப்பு வரும்போது தோளைச் சுத்தி இருக்கற எல்லாச் சதையும் ஒரே நேரத்துல முழு பலத்தோட இழுக்கும். நான் போட்ட நூல் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. எல்லாம் பிச்சுட்டு வந்திருச்சு. இப்ப கிண்ணத்தோட எலும்பும் கொஞ்சம் ஒடஞ்சிருக்கு. இனி ஓட்டை போட்டுப் பண்றதுக்கு ஆகாது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அன்னிக்கு உங்களத் தனியாக் கூப்புட்டுக் கேட்டிருக்கணும்மா. சந்தேகம் வந்தும் நான் அதைச் செய்யல."

தோளை ஏற்றிக் கட்டி அனுப்பினார்கள். கார் கருமத்தம்பட்டிக்குத் திரும்பவில்லை. அன்னூர் ரோட்டில் போயிற்று.

தோட்டத்து வாசலில் பழனியாத்தாள் மகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். குழந்தைவேலு உள்ளே வரவில்லை. களத்திலேயே நின்றான்.

"ஏனுங்க அத்தை, அத்தனை பேரு முன்னால டாக்டரு கேட்டாரு. தோளுக்காக இல்ல, உசுருக்காகக் கேட்டாரு. அப்பக்கூட உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுலீங்களா?"

பழனியாத்தாள் அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"என்ற புள்ளைக்கு ஒரு ஊடு வேணும்னு சொன்ன பொய்யுங்க மாப்ள. வேற ஒண்ணுக்குமில்லீங்க."

"அந்த ஊடு என்றதுங்க" என்றான் அவன். சாந்தாமணியைப் பார்த்து, "கொஞ்ச நாள் இங்க இரு" என்றான்.

"பாப்பா?"

அவன் காரில் ஏறினான்.

கொஞ்ச நாள் என்பது மாதங்களாயிற்று. பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று ராசாத்தாள் சொல்லியனுப்பினாள். வலிப்பு வந்து பிள்ளையின் மேலே விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். பிள்ளைக்கும் இந்த நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் சாந்தாமணியின் சேலைகளைக் கொல்லையில் போட்டு எரித்ததாகவும் சேதி வந்தது. பிறகு கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. வலிப்பு உள்ளவரோடு நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்க அப்போதைய சட்டத்தில் இடம் இருந்தது. வக்கீல் அதைப் படித்துக்காட்டியபோது, பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லியிருப்பதைச் சாந்தாமணி கவனித்தாள்.

தாயும் மகளும் ஒரே சாளையில் இருந்தும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் பழனியாத்தாள் தாங்கமாட்டாமல், "அந்த ஒரு மாசம் மட்டும் எப்படியாச்சும் மாத்தரைய முழுங்கியிருந்தீன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"எப்புடி முழுங்கறது?" என்றாள் சாந்தாமணி. "நீ பொட்டலத்த முந்தானைல முடிஞ்சுட்டு வாசல்ல உக்காந்திருந்த. நானு உள்ள அவரு கையால சோறு தின்னுட்டிருந்தேன். நடுவுல இருந்தது ஒரு கதவு. நீயாவது தொறந்துட்டு வந்து சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம்."

பழனியாத்தாள் எழுந்து வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

டாக்டர் வெங்கடபதி எழுதிக்கொடுத்திருந்த சீட்டோடு சாந்தாமணி தனியாகவே நரம்பு டாக்டரிடம் போனாள். தொண்ணூற்று எட்டில் கோயமுத்தூரில் குண்டு வெடித்து நகரமே ஒடுங்கிக் கிடந்த மாதங்களில் மட்டும் போக முடியவில்லை. மற்றபடி ஒரு தவணையும் விடவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை அட்டையைச் சமையல் அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலைக்கு வருகிற பெண்கள் பார்த்தார்கள், கேட்டார்கள். வலிப்புக்கு என்றாள். சிலர் அதற்கப்புறம் அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

வலிப்பு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் வராமல் இருந்தபிறகு டாக்டர் வெங்கடபதி இரண்டாவது ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். இம்முறை கேமரா இல்லை. தோளைத் திறந்து, பக்கத்து எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, உடைந்த கிண்ணத்துக்கு அணைப்பாக வைத்துத் திருகாணி போட்டார்கள். அக்குள்வரை தழும்பு இறங்கியது.

அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குத்தான் குழந்தைவேலு வந்தான். கேஸை ராசியாக முடித்துப் பிரிந்துகொள்ள அவள் சம்மதத்தைக் கேட்க வந்தவன், அன்னூருக்குப் போய், அங்கே இல்லையென்று இங்கே வந்திருந்தான். தலையில் நரை ஓடியிருந்தது. கட்டிலிலிருந்து தள்ளியே நின்றான்.

"இப்ப எப்படி இருக்குது?"

"இனி எறங்காதுன்னு சொல்றாங்க. கையத் தலைக்கு மேல தூக்க முடியாதாம்."

அவன் தலையாட்டினான். "அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா இத்தனை தூரம் வந்திருக்காது" என்றான்.

"கண்ணாலத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தாக் கட்டியிருப்பீங்களா?"

குழந்தைவேலு யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "மாட்டேன்" என்றான். "ஆனா கட்டுனதுக்கப்புறம் சொல்லியிருந்தா, நானே டாக்டருகிட்டச் சொல்லியிருப்பேன். நானே மாத்தரை குடுத்திருப்பேன். தினமும் உன்ற தோளப் புடிச்சவன் நானு. எங்கிட்ட என்ன பயம்?"

சாந்தாமணிக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "பாப்பாளக் கண்ணுல காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"கொண்டாரேன்" என்றான். அந்த வார்த்தையை மட்டும் காப்பாற்றினான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் மறுவருஷம் வேறு கல்யாணம் செய்துகொண்டான். லீவு நாட்களில் லோகப்பிரியாவை அன்னூருக்குக் கொண்டுவந்து விட்டான், பொழுதிறங்கும் முன் வந்து கூட்டிப்போனான். முதல் சில தடவை பிள்ளை தாயின் பக்கத்தில் உட்கார மறுத்தது. உனக்கு மறுபடி அப்படி ஆகுமா என்று கேட்டது. ஆகாது என்று சாந்தாமணி சொல்லவில்லை. "மாத்தரை சாப்டறேன் சாமி, அதனால இப்ப வர்றதில்ல. வந்தா நீ பயப்படாம அம்மாயியக் கூப்புடு" என்றாள். பிள்ளை அதைக் கேட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது.

ஊருக்கே சேதி தெரிந்துபோனதில் ஒன்று நடந்தது. ஒரு மத்தியானம், அடுத்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, வேலியோரமாகச் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் வந்தாள். தன் மகளுக்கும் அப்படி வருகிறது என்றாள். பத்தாவது படிக்கிறாள், ரெண்டு தடவை வந்துவிட்டது. என்ன செய்வதென்று கேட்க வந்ததாகச் சொன்னாள். கேட்டது பழனியாத்தாளிடம். பழனியாத்தாள் பருத்தி மூட்டையில் சாய்ந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது சாந்தாமணிதான்.

"நாளைக்கு நானு கோயமுத்தூர் போறனுங்க, நரம்பு டாக்டருகிட்ட. நீங்களும் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஒரு நாளு உடாம மாத்தரை குடுத்தா நின்னுரும். கட்டிக்குடுக்கறப்போ மாப்ள ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா யாருங்க கட்டுவாங்க?"

அந்தப் பெண் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, இங்கே வந்ததை யாரிடமும் சொல்லிவிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வந்த வழியே வேலியோரமாகப் போனாள்.

மறுநாள் சாந்தாமணி வழக்கத்தைவிடச் சீக்கிரமே பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். முதல் பஸ்ஸை விட்டாள். இரண்டாவது பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் விசில் ஊதும்வரை அடுத்த தோட்டத்திலிருந்து வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள்.